கபித்தொலீனா திறந்த மதகு

கபித்தொலீனா யெகோரவ்னாவுக்கு நீந்தத் தெரியாது. சிர்மின்ஸ்கில் பிறந்தவர்களில் இது அபூர்வம். ஊருக்கு நடுவில் ஏரி கிடக்கிறது. கோடையில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் அதிலேயே ஊறிக்கிடக்கும். அவளுக்கு முன் பிறந்த பையன் ஒருவன் அந்த ஏரியில் மூழ்கிப் போய்விட்டதால் அம்மா அவளைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. போனது போனதுதான், ஆனால் கரைமேல் நடக்கும்போதுகூட அம்மா தன் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பாள் என்று காப்பா சொல்லியிருக்கிறாள். நாங்கள் அவளைக் காப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு எழுபது தாண்டிய பிறகும் அதே பெயர்தான்.

ஏரி தானாக உண்டானதில்லை. மகாராணிகள் ஆண்ட காலத்தில் மாஸ்கோ வணிகர் ஒருவர் இந்த மலைக்காட்டில் இரும்புக்கல் இருப்பதைக் கேள்விப்பட்டு, வோல்கா பக்கத்துக் கிராமங்களில் குடியானவக் குடும்பங்களை விலைக்கு வாங்கி இங்கே கொண்டுவந்து இறக்கினார். வந்தவர்கள் முதலில் கட்டியது வீடு இல்லை, கரை. லார்ச் மரத்தடிகளை அடுக்கி, இடையில் களிமண்ணை மிதித்து ஏற்றி, சிர்மா ஆற்றை மறித்தார்கள். தேங்கிய தண்ணீர் மதகு வழியாக விழுந்து சக்கரத்தைச் சுற்றியது, சக்கரம் சம்மட்டியைத் தூக்கியது, சம்மட்டி இரும்பை அடித்தது. பிற்பாடு நீராவி வந்தது, மின்சாரம் வந்தது. வணிகரின் பேரன்கள் போனார்கள், ஆலை அரசாங்கத்துக்கு வந்தது. கூரைத்தகடு அடித்த இடத்தில் போர்க்காலத்தில் பீரங்கிக் குண்டுக்கு ஓடு அடித்தார்கள்; போர் முடிந்ததும் எனாமல் பூசிய சட்டியும் வாளியும் செய்தார்கள். சக்கரம் நின்று நூறு வருஷம் ஆகியும் கரை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஊரின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் போக அதுதான் பாதை. பிணமும் மணமகளும் அதன்மேல்தான் போவார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்த வருஷமே காப்பா ஆலையில் சேர்ந்தாள். தகடு உருட்டும் கொட்டகையின் கூரைக்குக் கீழே, தண்டவாளத்தில் ஓடும் கிரேனில் அவளை ஏற்றிவிட்டார்கள். உயரத்துக்கு அவள் பயப்படவில்லை. மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் அவள். கீழே சிவப்பாகப் பழுத்த இரும்பும் மனிதர்களின் தொப்பிகளும். சத்தத்தில் எதுவும் காதில் விழாது. கீழே நின்று கொக்கி மாட்டுபவன் கையைக் காட்டுவான். அவள் அதைப் பார்த்து ஓட்டுவாள். உள்ளங்கை மேலே பார்த்தால் தூக்கு. கீழே பார்த்தால் இறக்கு. இரண்டு கைகளையும் குறுக்கே போட்டால் நில்.

அப்படிக் கை காட்டியவன்தான் ரிஃப்கத். முஸ்லிம்களான தாத்தார்கள் வாழும் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். கையை வீசாமல், அவசரப்படாமல், ஒவ்வொன்றாகக் காட்டுவான். ஒரு குளிர்காலம் முழுக்க இருவரும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் உணவுக்கூடத்தில் முட்டைக்கோஸ் சூப்புத் தட்டோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"வாயால பேசவே மாட்டியா நீ?" என்று கேட்டாள் காப்பா.

"கை பேசுறது புரியலையா?"

"புரியுது. ஆனா கையை வச்சுக்கிட்டுக் கல்யாணம் கேக்க முடியாதே."

அவன் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை மேலே திருப்பி மேசைமேல் வைத்தான். இந்தக் கதையை அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரிகளிடம் சொல்லும்போது நானும் பக்கத்தில் இருந்திருக்கிறேன். சொல்லும்போது அவளும் சிரிப்பதில்லை.

அவள் அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை.

"தாத்தார் பையனா? நம்ம வீட்டுப் பன்னிக்கறியத் தொடுவானாடி?"

"தொட மாட்டான். உனக்குத்தான் மிச்சம்."

கல்யாணம் நடந்தது. ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, பெரிய ஊருக்குப் போனாள். எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் நடந்ததுதான்.

பிறகு நாடு கலைந்தது. ஆலை நிற்கவில்லை, ஆனால் சம்பளம் நின்றது. சம்பளத்துக்குப் பதிலாகச் சட்டி கொடுத்தார்கள். ஊரே சட்டிகளை மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய், வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஜன்னல் ஜன்னலாக ஓடியது. ரிஃப்கத்துக்கு வாய் வராது. அவன் ஒரு வாளியைத் தலைகீழாகப் பிடித்து விரல் முட்டியால் தட்டிக் காட்டுவான், அவ்வளவுதான். ஆச்சரியம், அவனுக்குத்தான் அதிகம் விற்கும்.

கடைசியில் அதுவும் முடிந்தது. எங்கிருந்தோ வந்த ஓர் இளைஞன் ஆலையை வாங்கினான். நீளக் கோட்டு, நல்ல மரியாதை, எல்லோரையும் தந்தைவழிப் பெயர் சேர்த்துத்தான் கூப்பிடுவான். உருளை இயந்திரங்களைக் கழற்றி ரயில் பெட்டியில் ஏற்ற வேண்டும், அதற்குக் கிரேன் ஓட்ட ஆள் வேண்டும் என்றான். கொட்டகையில் ஓட்டிய பெண்கள் யாரும் வர மாட்டோம் என்றார்கள். காப்பா சம்மதித்தாள்.

ரொட்டிக் கடை வரிசையில் நினேல் பாவ்லவ்னா அவளைப் பிடித்துக்கொண்டாள். நினேல், எனாமல் பிரிவில் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துத் தேறியது தேறாதது என்று பிரித்தவள். ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே வயது.

"வா காப்பா. இன்னிக்கு எதைத் தூக்கிக் குடுத்துட்டு வந்தே?"

"பெரிய உருளைய."

"எங்க அப்பா அதுல ரெண்டு விரலைக் குடுத்தவரு."

"எங்கப்பா மட்டும் என்ன, முழுக் கையோடயா வந்தாரு? நான் தூக்கலன்னா துண்டு துண்டா வெட்டி எடுத்துட்டுப் போவாங்க. முழுசாப் போனா வேற எங்கயாவது ஓடும்ல?"

"ஓடும், ஓடும். உலையில உருகித்தான் ஓடும்."

வரிசை சிரித்தது. காப்பா ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நினேல் சொன்னதுதான் நடந்தது. அந்த இயந்திரங்கள் எங்கும் ஓடவில்லை, பழைய இரும்பாக உருகிப் போயின. இது தெரிய வந்தபோது காப்பா எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கோட்டு மாட்டும் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். நான் அங்கே வரலாறு சொல்லிக்கொடுத்தேன். ஆசிரியர்கள் அறையில் யாரோ இதைச் சொல்ல, அவள் ஒரு சிறுமியின் கோட்டில் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டே கேட்டாள். தையலை நிறுத்தவில்லை.

ரிஃப்கத்துக்கு வேலை கிடைக்கவில்லை. அவன் குளியல் வீடு கட்டினான். அவர்கள் குடியிருந்தது மேட்டுச் சந்தில். ஆனால் எங்கள் ஊரில் நீராவிக் குளியல் வீடுகள் எல்லாம் கீழ்த்தெருவுக்குப் பின்னால், மதகுக்குக் கீழே, ஆற்றங்கரையில் வரிசையாக இருந்தன. வெந்து வெளியே வந்ததும் ஆற்றில் விழலாம். அந்த வரிசையின் கடைசியில் அவன் இடம் பிடித்தான். மரத்தடிகளைக் காட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சறுக்குவண்டியில் இழுத்து வந்தான். தடிக்கும் தடிக்கும் இடையில் பாசி திணித்தான். இரண்டு வருஷம் இதே வேலை. அவனுக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அந்தக் குளியல் வீடுதான் என்று காப்பா சொல்வாள்.

இனிக் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலை விற்றபோது கொட்டகை, தண்டவாளம், கொதிகலன் எல்லாம் விலைபோயின. கரை விற்பனையில் சேரவில்லை. இளைஞனுக்கு அது வேண்டாம். மதகைக் கவனித்துவந்த ஆலை மெக்கானிக் ஒருவர் சம்பளமே இல்லாமல், பழக்கதோஷத்தில், ஒவ்வொரு வசந்தத்திலும் வந்து மோட்டாரைப் போட்டு ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போவார். அவரும் செத்துப்போனார். அதற்குப் பிறகு சில வருஷம் பனி குறைவு; யாரும் மதகை நினைக்கவில்லை.

அந்த வருஷம் பனி ஜன்னல் வரை கிடந்தது. ஏப்ரலில் ஒரே வாரத்தில் தெற்குக் காற்று திரும்பி, பனிமேல் மழை பெய்தது. ஏரியின் பனிப்பாளம் விளிம்பில் கரையை விட்டு விலகி மெல்ல மேலே வந்தது. கரைமேல் நடந்தால் தண்ணீர் முன்பு பார்த்திராத உயரத்தில், பக்கத்திலேயே நின்றது.

காப்பாவும் சில பெண்களும் நகராட்சித் தலைவர் ஆர்காதி ல்வோவிச் துபீக்கினிடம் போனார்கள். துபீக்கின் கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் ஆலை உணவுக்கூடத்தின் நிர்வாகியாக இருந்து, நல்ல சூப்புப் போட்டவர்.

"கபித்தொலீனா யெகோரவ்னா, உக்காருங்க. தண்ணி ஏறுதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அந்தக் கரை நகராட்சிச் சொத்து இல்ல."

"பின்ன யாருது?"

"ஆலையோடது."

"ஆலையே இல்லயே."

"அதான் நானும் சொல்றேன்."

"அப்ப உடைஞ்சா யார் வீட்டுக்குள்ள தண்ணி போகும், ஆர்காதி ல்வோவிச்? அதையாவது சொல்லுங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாவட்டத்துக்குப் போன் போட்டுட்டேன். இஞ்சினியர் வியாழக்கிழமை வர்றாரு. நான் என் இஷ்டத்துக்குத் தெறந்து, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நாளைக்கு ஜெயில்ல உக்காருறது நான்தான். புரிஞ்சுக்கோங்கம்மா."

அன்று திங்கட்கிழமை. செவ்வாய் காலையில் ரிஃப்கத் குளியல் வீட்டுப் பக்கம் போய்விட்டு வேகமாகத் திரும்பி வந்தான். கரையின் அடியில் நீர் கசிந்துகொண்டிருந்தது. கசிவு புதிதில்லை. எப்போதும் தெளிந்து வரும். அன்று கலங்கலாக, மண்நிறத்தில் வந்தது. தண்ணீர் தனியாக வரவில்லை, கரையையும் கூட்டிக்கொண்டு வருகிறது என்பது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். காப்பா பள்ளிக்கூடத்தில் கோட்டு அறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். பிறகு சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நீங்களும் வாங்க. கீழ்த்தெருவுல சொல்லணும்," என்றாள்.

மதகுக்கு மேலே தகரம் வேய்ந்த சின்னக் கொட்டகை. அதன் வாசலில் அவள் தம்பி வெனியமீன் நின்றிருந்தான். வென்யா ஒரு காலத்தில் ஆலையில் மின் வேலை பார்த்தவன். பிறகு எந்த வேலையிலும் நிலைக்காதவன். எங்களைப் பார்த்ததும் கதவை மறைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, உள்ள போகாத."

"ஏன்?"

"மோட்டார் இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவன் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்தான்.

"நான்தான் எடுத்தேன்."

"எங்க போட்டே?"

"பழைய இரும்புக் கடையில. செம்புக் கம்பியை உருவிட்டு."

"ஏரிக் கரை மோட்டாரையா? ஏன்டா, ஊர்ல வேற இரும்பே கிடைக்கலயா உனக்கு?"

"வீட்டுல ஓல்காவுக்குப் பல்லுக் கட்ட வேண்டியிருந்துச்சு அக்கா. முன்பல்லு. வெளிய வரவே மாட்டேன்னுட்டா."

ரிஃப்கத் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்தான். போகிற போக்கில், "பல்லு நல்லா இருக்கா மச்சான்?" என்றான்.

"நல்லா இருக்கு மாமா. ஆப்பிளே கடிக்கிறா."

"அப்ப வா. நீதான் சுத்தப் போற."

மோட்டார் இருந்த இடத்தில் நான்கு திருகுகள் மட்டும் நின்றன. பல்சக்கரம் இருந்தது. கையால் சுற்றும் பிடியும் போயிருந்தது. அதைத் தான் எடுக்கவில்லை என்று வென்யா சத்தியம் செய்தான். யாரோ ஒரு நீளக் குழாயைக் கொண்டுவந்தார்கள். அதைச் செருகி நான்கு பேர் தள்ளினால் சுற்றலாம் என்று ரிஃப்கத் பார்த்துச் சொன்னான்.

நான் பள்ளிக்கூட மணியை எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவில் வீடு வீடாகப் போனேன். பெரும்பாலோர் பேசாமல் மூட்டை கட்டினார்கள். நினேல் பாவ்லவ்னா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யாரு போகச் சொன்னது? துபீக்கினா?"

"காப்பா."

"ஓ! ஆலையத் தூக்கிக் குடுத்தது பத்தலையா, இப்ப ஏரியையும் குடுக்குறாளா? நான் வரலன்னு சொல்லு. என் வீடு, என் ஆடு, நான் இங்கதான் இருப்பேன்."

"நினேல் பாவ்லவ்னா, ஆட்டுக்காகவாவது வாங்க."

திட்டிக்கொண்டே வந்தாள். வசவு எனக்கு, துபீக்கினுக்கு, காப்பாவின் செத்துப்போன அம்மாவுக்கு என்று முறைவைத்து விழுந்தது. ஆட்டுக்கு மட்டும் நல்ல வார்த்தை. அவளைச் சர்ச் மேட்டில் விட்டுவிட்டு நான் மதகுக்குத் திரும்பினேன். குழாயில் என் கையும் இருந்தது.

கரைமேல் நின்றால் ஆற்றங்கரைக் குளியல் வீடுகள் எல்லாம் தெரியும். மதகைத் திறந்தால் முதல் தண்ணீர் அங்கேதான் போகும். காப்பா புருஷனைப் பார்த்தாள்.

"உன்னோடதும் போயிரும்."

"தெரியுது," என்றான் ரிஃப்கத்.

அவன் மதகுக்கு முன்னால், தண்ணீரையும் ஷட்டரையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றுகொண்டான். இரைச்சலில் பேச்சு எடுபடாது. காப்பா கொட்டகை வாசலில் நின்று அவன் கையைப் பார்த்து எங்களுக்குக் கத்த வேண்டும் என்று ஏற்பாடு. அவன் உள்ளங்கை மேலே திரும்பியது. நாங்கள் தள்ளினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஷட்டர் பனியில் உறைந்து கிடந்தது. வென்யா குழாயில் தொங்கினான், வாய்க்கு வந்ததைச் சொல்லி அழுதான், மறுபடி தொங்கினான். ஒரு வெடிச் சத்தத்தோடு அது விட்டுக்கொடுத்தது.

சுற்றச் சுற்றத் தண்ணீர் பீறிட்டது. முதலில் கறுப்பாக, பிறகு வெள்ளையாக. பனிப்பாளங்கள் மதகை நோக்கி நகர ஆரம்பித்தன. ஷட்டர் பாதி ஏறியபோது ரிஃப்கத் இரண்டு கைகளையும் குறுக்கே போட்டான். நில்.

காப்பா அதைப் பார்த்தாள். ஆனால் பெரிய பாளம் ஒன்று மதகை அடைக்க வருவதையும் பார்த்தாள். அடைத்துவிட்டால் தண்ணீர் கரைமேல் ஏறும். "இன்னும் தூக்குங்க!" என்று கத்தினாள். "நிறுத்தாதீங்க, இன்னும்!" கிரேனில் இருந்த காலம் முழுவதும் அவள் அவன் கையை மீறியதில்லை. நாங்கள் தள்ளினோம். பாளம் தூணில் மோதி, இரண்டாகப் பிளந்து, தானாகவே உள்ளே போய்விட்டது. அதே மோதலில் ஷட்டரைத் தூக்கும் திருகுத்தண்டு வளைந்தது. அதற்குப் பிறகு ஷட்டர் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மதகு முழுசாகத் திறந்து கிடந்தது.

குளியல் வீடுகள் வரிசையாகப் போயின. சில சாய்ந்து, சில சுழன்று. கடைசியில் நின்ற ரிஃப்கத்தின் குளியல் வீடு மட்டும் கலையவே இல்லை. தடிக்குத் தடி பிடித்துக்கொண்டு, புகைபோக்கி நிமிர்ந்தபடி, யாரோ உள்ளே இருந்து ஓட்டிப்போவதுபோல் ஆற்றுவளைவு வரை போய் மறைந்தது. கீழ்த்தெருவில் தண்ணீர் ஜன்னலுக்கு ஏறியது. நடைபாலம் போனது. கோழிகள் போயின. நினேலின் ஆட்டுக்கொட்டிலும் சமையலறைத் தரையும் போயின. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் ஏரி இறங்கியது; கரையின் அடியில் கலங்கிய கசிவு நின்றுபோனது.

காப்பா கொட்டகைப் படியில் உட்கார்ந்திருந்தாள். ரிஃப்கத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினான்.

"நிறுத்தச் சொன்னேனே," என்றான்.

"பாத்தேன்."

"அப்புறம்?"

"பயந்துட்டேன், ரிஃப்கத்."

அவன் பூட்ஸைத் திரும்பப் போட்டுக்கொண்டான். அதைப் பற்றி அவர்கள் அதற்குமேல் பேசியதை நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை இஞ்சினியர் வந்தார். கரையைச் சுற்றி நடந்தார், மண்ணை எடுத்துப் பார்த்தார். திறக்காமல் இருந்திருந்தால் உடைந்திருக்குமா என்று எல்லோரும் அவரைக் கேட்டோம். நேர்மையான மனிதர். "உடைஞ்சும் இருக்கலாம், நின்னும் இருக்கலாம். உடைஞ்சிருந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்," என்றார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஊர் இரண்டாகப் பிரிந்தது. மேட்டுத்தெருக்காரர்கள் காப்பா ஊரைக் காப்பாற்றினாள் என்றார்கள். கீழ்த்தெருக்காரர்கள், நின்றிருக்கக்கூடிய கரைக்காகத் தங்களை மூழ்கடித்தாள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கீழ்த்தெருப் பிள்ளைகள் சிலர் தங்கள் கோட்டை அவளிடம் கொடுக்காமல் வகுப்புக்கே எடுத்துப் போனார்கள். அவள் கொக்கிகளைத் துடைத்துவைத்தாள்.

கீழ்த்தெரு புகார் கொடுத்தது. துபீக்கினும் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். அனுமதியில்லாமல் அணையில் கைவைத்துச் சேதம் விளைவித்ததாக வழக்கு. இலையுதிர்காலத்தில் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை. ஊரில் பாதிப் பேர் பஸ் பிடித்துப் போனோம். நீதிபதி ஒரு பெண். சளி பிடித்திருந்தது, கைக்குட்டையும் கையுமாக இருந்தார்.

"திறந்தது நீங்கதானா?" என்று காப்பாவைக் கேட்டார்.

"நான்தான்."

"சேதம் வரும்னு தெரியுமா?"

"தெரியும். ஆனா நான் கொஞ்சம் அதிகமாத் தெறந்துட்டேன். பாதியில நிறுத்தியிருக்கணும்."

அவளுக்காக வாதாட வந்த இளம் வக்கீல் தலையைப் பிடித்துக்கொண்டான். நீதிபதி துபீக்கின் பக்கம் திரும்பினார்.

"அணை உங்க நகராட்சிக்குச் சொந்தமா?"

"இல்லம்மா. எங்க கணக்குலயே இல்ல."

"அப்ப உங்களுக்கு என்ன நஷ்டம்? எதுக்கு நீங்க புகார் குடுத்தீங்க?"

"அது... ஊர்ப் பொதுச் சொத்துங்கிற முறையில..."

"சரி, ஊர்ச் சொத்துன்னு பதிவு பண்ணிக்கிறேன். அப்ப அதைப் பராமரிக்காம விட்டதுக்குக் கீழ்த்தெருக்காரங்களுக்கு நஷ்டஈடு நீங்கதான் தரணும். சம்மதமா?"

"ஐயோ, அப்படின்னா எங்களுது இல்ல!"

நீதிபதியே கைக்குட்டைக்குள் சிரித்துவிட்டார். பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்ப அந்த ஏரியே வேணாம், காப்பாவுக்கே குடுத்துருங்க!" என்று கத்தினார்கள். சொத்துக்காரன் இல்லாத சொத்தைச் சேதப்படுத்தியதாக யாரையும் தண்டிக்க முடியாது என்று வழக்கு முடிந்தது. அதோடு விடவில்லை, அணையை நகராட்சி ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்றும் உத்தரவு. துபீக்கின் பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்கள் எல்லோரையும்விட நிம்மதியாகத் தூங்கினார்.

நகராட்சிச் சொத்தானதும் மேலிடத்துப் பணம் வந்தது. மரத்துக்கும் களிமண்ணுக்கும் முன்னால் கான்கிரீட் சுவர் எழுந்தது. புது ஷட்டர், புது மோட்டார், மோட்டாரைச் சுற்றி இரும்புக் கூண்டு. காவலுக்கு ஆள் வேண்டும் என்று அறிவித்தார்கள். துபீக்கின் காப்பாவைத்தான் முதலில் கேட்டார். அவள் முடியாது என்றாள். கோட்டு அறை போதும் என்றாள். கடைசியில் அந்த வேலை வென்யாவுக்குப் போனது. திருடனையே காவலுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஊர் சிரித்தது. ஆனால் மின்வேலை தெரிந்தவன் என்று விண்ணப்பித்தது அவன் ஒருவன்தான். அவன் அந்த வேலையில் நிலைத்தான். கூண்டுச் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தான், தூங்கும்போதும் கழற்றமாட்டான் என்று அவன் மனைவி ஓல்கா புதுப்பல் தெரியச் சொல்வாள்.

கீழ்த்தெருவை வெள்ள ஆபத்துப் பகுதி என்று அறிவித்து, அங்கிருந்தவர்களுக்கு மேட்டில் ஐந்து மாடிக் கட்டடத்தில் வீடு கொடுத்தார்கள். வெந்நீர் குழாயில் வரும் வீடு. நினேலுக்கு இரண்டாம் மாடியில், பால்கனியோடு கிடைத்தது. மேட்டுச் சந்தில் இருந்த காப்பாவுக்கு ஒன்றும் இல்லை; அவள் தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடித்துத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

ரிஃப்கத் இன்னொரு குளியல் வீடு கட்டினான். இம்முறை ஆற்றங்கரையில் இல்லை, தன் வீட்டு முற்றத்திலேயே. முன்னதைவிடச் சின்னது, அவனுக்குத் தூக்கும் பலம் குறைந்துவிட்டது, தடிகளை வென்யா இழுத்து வந்தான். அதில் சில வருஷம் குளித்தான். பிறகு ஒரு பிப்ரவரியில் விறகு வெட்டிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அவன் கிராமத்து இடுகாட்டில், அவர்கள் முறைப்படி அடக்கம் செய்தார்கள். பெண்கள் குழிவரை போகக்கூடாது என்றார்கள். காப்பா வேலிக்கு வெளியே பனியில் நின்றாள்.

நான் எதிர்பார்க்காதது, அந்த வேலிக்குப் பக்கத்தில் நினேல் நின்றதுதான். அவளாகவே பஸ் பிடித்து வந்திருந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை, நீராவியில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக்கட்டும் துண்டுமாக நினேல் காப்பாவின் முற்றத்தில் வந்து நின்றாள்.

"மாடியில தொட்டி இருக்கு, வெந்நீர் இருக்கு. எல்லாம் இருந்தும் குளிச்ச மாதிரியே இல்ல," என்றாள். "அடுப்பு போட்டிருக்கியா?"

"போடப் போறேன். விறகை எடு."

அன்று முதல் சனிக்கிழமைதோறும் வருகிறாள். குளியல் வீடு வேலியை ஒட்டி இருப்பதால், பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கு அவர்கள் பேச்சு பாதி கேட்கும். பெரும்பாலும் சண்டைதான். ஆலைக் காலத்தில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தது, எந்த வருஷம் பச்சை வாளி, எந்த வருஷம் நீலம். போன சனிக்கிழமை இலைக்கட்டு அடிக்கும் சத்தத்துக்கு நடுவில் நினேல் சொன்னாள்:

"இருந்தாலும் நீ அன்னிக்கு ரொம்பத்தான் தெறந்துட்டே காப்பா."

"ஆமா," என்றாள் காப்பா. "திரும்பு, முதுகைக் காட்டு."